அந்த சீட்டில் மட்டும் தூசி

"காரைத் திருடிட்டாங்களா ஐயா?"

"இல்லைங்க."

"பார்ட்ஸ் ஏதாச்சும் கழட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்லைங்க. மாட்டிட்டுப் போயிருக்காங்க."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்தபின் ஆடு திருடியவனைத் தேடியிருக்கிறேன், அடுத்தவன் மாப்பிள்ளையைத் திருடியவளைத் தேடியிருக்கிறேன். கொடுத்துவிட்டுப் போன திருடனைத் தேடச் சொல்லி ஒருவர் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

"சந்தோஷு, வாயை மூடிக்கிட்டு பேனாவைத் தொற" என்றார் மேடம்.

மேடம் என்றால் அமுதவல்லி. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் நிலையம். அதற்கு முன்பு மேடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு பம்பரைத் தடவிப் பார்த்தே ஓட்டியவன் பொய் சொல்கிறானா என்று சொல்லிவிடுவார். நான் சந்தோஷ்குமார், அவருடைய அசிஸ்டென்ட். டீ வாங்குவதும் டிரைவர் வேலையும் என்னுடையவை. பேச்சுக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

எதிரில் இருந்தவர் முத்துராமன். திருமயத்துக்காரர், செங்கல்சூளை வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர். துண்டின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"பழைய இங்கிலீஷ் வண்டிம்மா. ரெண்டே சீட்டு. செவப்புக் கலரு, மேல துணிக் கூரை. தேவகோட்டையில ஒரு பெரிய வீட்டை இடிச்சப்ப காயலான் வெலைக்கு வந்துச்சு. வாங்குறப்ப உள்ள கோழி அடை காத்துக்கிட்டு இருந்துச்சு."

"கோழியையும் சேத்தா வாங்கினீங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எம் பொண்ணும் இதையேதான் கேட்டா. காவ்யா. ஸ்கூல் படிக்கிறப்ப ஆரம்பிச்சா. லீவு விட்டா ஷெட்டுதான். நான் எறக்கிக் குடுப்பேன், அவ மாட்டுவா. காலேஜ் முடிக்கையில வண்டி ஓடுச்சு. திருமயம் கோட்டைக்குக் கீழ அவ ஓட்டிட்டுப் போனா பஸ்ஸுக்காரனே நிறுத்திப் பாப்பான்."

சிரிப்பு அத்தோடு நின்றது. அவள் கல்யாணம் முடிந்ததும் ஷெட்டைப் பூட்டினாராம். உள்ளேயே துருப்பிடித்து நாறட்டும் என்று ரெண்டு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லையாம். போன வாரம் இரும்பு விலைக்குக் கேட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்தான். திறந்து காட்டினார். அவன் விளையாட்டுக்கு, வெளியே நின்றபடியே வண்டியில் தொங்கிய சாவியைத் திருகினான்.

"ஒரே சாவில ஸ்டார்ட் ஆயிருச்சும்மா."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வருசம் நின்ன பழைய வண்டி அப்படி ஆகாதே. பேட்டரி செத்திருக்கும். பெட்ரோல் கெட்டுப் போய் கார்புரேட்டர்ல பிசினா ஒட்டியிருக்கும். டயரு நின்ன பக்கமே தட்டையாயிருக்கும்."

"எல்லாம் சரியா இருக்கு. பெட்ரோல் பைப்புகூடப் புதுசு. வித்தா பாவம்னு கோயம்புத்தூர்க்காரனைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"மக எங்க இருக்காங்க?"

துண்டு இறுகச் சுற்றிக்கொண்டது. "ஆவூர்ல. பையன் வேதக்காரவுக வீட்டுப் பையன், ஸ்கூல் வாத்தியாரு. பேரு ஆண்ட்ரூஸ். என்னைக் கேக்காம கட்டிக்கிட்டா. தலைமுழுகிட்டேன்னு சொன்னேன். சொன்னதோட விடலை நான். போஸ்டர் அடிச்சேன்."

எனக்கு விளங்கிவிட்டது. மகள் மனசுக்குப் பிடித்தவனோடு போய்விட்டால், உயிரோடு இருக்கிற பெண்ணுக்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெங்கும் ஒட்டுகிற அப்பன்கள் நம் பக்கம் உண்டு. பார்க்கும்போதெல்லாம் ஒட்டியவனின் முகத்திலேயே பசையைத் தடவலாமா என்று எனக்குக் கை துறுதுறுக்கும். இப்போது அந்த முகம் எதிரே உட்கார்ந்திருந்தது. தடவத் தோன்றவில்லை.

"கார்ல உக்காந்து சிரிக்கிற போட்டோதான் கையில இருந்துச்சு. அதையே போட்டேன். கல்யாணத் தேதியை மறைவுன்னு அடிச்சேன். போன ஆடியில ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல அதைப் பாத்தேன்மா. வெயில்ல சாயம் போயும் எம் பொண்ணு சிரிச்சுக்கிட்டு இருந்தா. தாங்கலை. அன்னைக்கு ஆரம்பிச்சு ஒவ்வொரு தெருவா என் கையாலேயே கிழிச்சேன். ஆவணியில கடைசியா எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல ஒண்ணு. நெழல்ல இருந்ததால அது மட்டும் சாயம் போகாம இருந்துச்சு. அதையும் கிழிச்சேன். இப்ப ஊர்ல ஒண்ணுகூட இல்லை."

"ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்லயேவா ஒட்டச் சொன்னீங்க?"

"நான் சொல்லலைம்மா. ஒட்டுன பயலுக பசை மிச்சம் இருந்துச்சுன்னு ஒட்டியிருப்பானுக." அவர் குரல் இறங்கியது. "காரை அவதான் வந்து பாத்துட்டுப் போறா. அவ கை எனக்குத் தெரியும். போலீசு, திருடன் ஒண்ணும் வேணாம். அவதான்னு நிச்சயமாச் சொல்லிருங்க, போதும். நானாப் போய் நின்னா மூஞ்சில கதவைச் சாத்திருவாளோன்னு பயமா இருக்கு."

அவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னாலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

* * *

திருமயம் ஷெட் வீட்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. முன்கதவில் முத்துராமனின் பூட்டு. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதன் சாவி காவ்யாவிடம் மட்டும்தான் இருந்ததாம். பக்கத்து வீட்டு செங்கமலம் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை காலையில வண்டிச் சத்தம் கேக்குமே. அண்ணன்தான் ஸ்டார்ட் பண்றாகன்னுல்ல நெனச்சேன்."

"ஞாயிறு காலையில நான் சூளைக்குல்ல போயிருவேன்" என்றார் முத்துராமன். வருகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது.

கார் நின்றிருந்த அழகைப் பார்த்து நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அன்று காலைதான் பொரியும் தேங்காயும் வைத்து பூஜை போட்டது போல ஒரு பளபளப்பு. நாங்கள் வந்த மேடத்தின் மாருதி வெளியே நின்று இதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும். ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் அளந்தவருடைய சொந்த வண்டிக்கு ஒரு பக்கக் கண்ணாடி கிடையாது.

மேடம் குனிந்தார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்.

"ஹேண்ட்பிரேக் போடலை. போட்டு நிறுத்தினா பிரேக்கு டிரம்மோட ஒட்டிக்கும். அதான் கல்லு வச்சிருக்காங்க" என்றார்.

"அவதான்! கல்லு வைப்பா, அப்பா கல்லுன்னு பேரு வச்சிருந்தா" என்றார் முத்துராமன்.

டயருக்குக் கீழே தரையில் வரிசையாகப் பழைய தடங்கள். ஒவ்வொரு வாரமும் காரை நாலு விரல் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் பாரம் நின்று டயர் தட்டையாகாமல் இருக்க. துணிக் கூரையை மடக்காமல் விரித்தே வைத்திருந்தார்கள், மடித்தே கிடந்தால் சுருங்கிப்போகும் என்று. பேட்டரி முனைகளில் வாஸ்லின் தடவியிருந்தது. மேடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "அவதான், அவதான்" என்று முத்துராமன் தலையாட்டிக்கொண்டே வந்தார். பரீட்சை ரிசல்ட்டில் மகள் நம்பரைக் கண்ட அப்பா மாதிரி இருந்தார்.

குரோம் பம்பரின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ பொடி. மேடம் விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "விபூதி."

"பக்தியுள்ள வண்டி" என்றேன்.

முத்துராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடையில விக்கிற பாலிஷ் போட்டா கீறல் விழும்பா. எங்க பூஜை ரூம்புல இருக்க விபூதியை எடுத்தாந்துதான் துடைப்பா. எங்க வீட்டம்மா உசுரோட இருந்தவரைக்கும் திட்டாத நாள் கெடையாது. இது வேற யாருக்கும்மா தெரியும்?"

மேடம் பானட்டைத் திறந்து டார்ச் அடித்தார். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் பைப்பை அரித்துவிடும் என்று தெரிந்து, அதைத் தாங்குகிற புதுப் பைப்பைப் போட்டிருக்கிறார்கள். பைப்பை இறுக்குகிற கிளிப்புகளை மேடம் வெகுநேரம் பார்த்தார்.

"காவ்யாவுக்கு எந்தக் கை பழக்கம்?"

"பீச்சாங்கைம்மா. சோறு மட்டுந்தான் சோத்தாங்கையில."

மேடம் பானட்டை மெதுவாக மூடினார். அப்புறம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கிளட்ச் பெடல் அமுங்கியிருந்தது. அதற்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. பக்கத்து சீட்டின் தோல் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மேடம் கதவைச் சாத்தும்போது அவர் முகத்தில் ஏதோ மாறியிருந்ததைக் கவனித்தேன்.

"நாளைக்குச் சொல்றேங்க. அதுவரைக்கும் கார்ல எதையும் தொடாதீங்க. இருக்கபடி இருக்கட்டும்."

"அவதானேம்மா?"

"நாளைக்குச் சொல்றேன்."

* * *

புதுக்கோட்டை தாண்டி திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஸ்டியரிங் அன்று மேடத்தின் கையில். கவலை வந்தால் அவரே ஓட்டுவார்.

"மூஞ்சி ஏன் அப்படி இருக்கு மேடம்? கேஸ் முடிஞ்சிருச்சு. பொண்ணு ஞாயித்துக்கெழமை வருது, அப்பாவுக்குத் தெரியாம காரைத் தொடைக்குது, போகுது. ரெண்டு பேரையும் சேத்து வச்சா நமக்குக் கறிச்சோறு."

"பழைய கிளிப்பெல்லாம் ஸ்க்ரூ தலை இடது பக்கம் பாத்து இருக்கு. இடது கையில ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிறவளுக்கு அதுதான் தோது. புதுப் பைப்புல மட்டும் வலது பக்கம்."

"வேற ஆளா?"

"காவ்யாகிட்டக் கத்துக்கிட்ட ஆள். அவ சொன்னதுல ஒண்ணு விடாமச் செய்யிற ஆள், வலது கைக்காரன். சரி, டிரைவர் சீட்டைப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். அப்போது மனசில் பதியவில்லை. "தூசியா இருந்துச்சு."

"அந்த சீட்டுல மட்டும். ஒரு விரல் தடம்கூட இல்லை. ஸ்டார்ட் பண்றவன் வெளிய நின்னுக்கிட்டே கையை விட்டு சாவியைத் திருகுறான். கிளட்சை அமுக்கி வைக்கலைன்னா உள்ள இருக்க பிளேட்டு துருவுல ஒட்டிக்கும். அதுக்குக்கூட உக்காராம கட்டையை முட்டுக் குடுத்திருக்கான். விபூதி வரைக்கும் மறக்காதவன், ஒரு சீட்டைத் தொடைக்க மறப்பானா?"

"மறக்கலைன்னா, வேணும்னே தொடைக்கலை."

"ஆமா."

"அப்ப காவ்யா ஏன் வரலை மேடம்?"

மேடம் கியரை மாற்றினார். அந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அதன் பிறகு ஆவூர் வரும்வரை நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ஆவூரில் பெரிய மாதா கோயில் தெரிகிற வளைவில் ஒரு பெட்டிக்கடை. கடைக்கார அம்மா ஜெயராணி, கழுத்தில் ஜெபமாலை. மேடம் இறங்கிப்போய், "விபூதிப் பாக்கெட் இருக்குமாங்க?" என்றார்.

"இருக்கே" என்று ஒரு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தார் ஜெயராணி. "இங்க இதை யாரு வாங்குறா? ஆண்ட்ரூஸ் சாருக்காக வாங்கி வைக்கிறது. மாசாமாசம் வாங்கிருவாரு."

"வேதக்காரருக்கு எதுக்கு விபூதி?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதைத்தான் ஊரே கேக்குது. ஞாயித்துக்கெழமை பூசைக்கும் வாரதில்லை. விடிஞ்சா பைக்கை எடுத்துக்கிட்டு எங்கிட்டோ போயிருவாரு. சாமியார் கூப்பிட்டுக் கேட்டதுக்கு, 'எனக்கு ஒரு கடமை இருக்கு ஃபாதர்'னாராம். நல்ல மனுசன். பாவம், யாரு என்ன சொல்ல?"

"அவரு வீடு எங்கிட்டு இருக்கு?"

"இந்நேரம் வீட்ல இருக்க மாட்டாரே. பள்ளிக்கூடம் விட்டா கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருவாரு. சம்சாரத்தை அங்கதான் வச்சிருக்கு."

மேடம் விபூதிப் பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஜெயராணி மீதிச் சில்லறையை நீட்டியது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் வாங்கினேன்.

* * *

கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு புதுக் கல்லறை. அதில் பதித்திருந்த போட்டோவில் ஒரு பெண் சிவப்புக் காரில் உட்கார்ந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. அருகில் சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒல்லியான இளைஞர் எங்களைப் பார்த்து எழுந்தார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "திருமயத்துலேர்ந்து வாரோம். ஒங்க மாமனாரு அனுப்பினாரு."

ஆண்ட்ரூஸ் முகம் இறுகியது. "பின்கதவுச் சாவியைக் குடுத்துர்றேன். அவரு பொருள் எதையும் நான் எடுக்கலை."

"தெரியும். காவ்யா எப்படிப்பா...?"

"காய்ச்சல்னு படுத்தா. டெங்குன்னாங்க. எந்திரிக்கவே இல்லைங்க." அவர் போட்டோவைத்தான் பார்த்துப் பேசினார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் போவோம். அவ டிரைவர் சீட்டுல உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவா. நான் வெளிய நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன். எனக்கு முன்னப்பின்ன காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. 'அப்பாதான ஒன்னைத் தலைமுழுகிட்டாரு, அவரு காரை நீ ஏன் பாக்குறே'ன்னு கேட்டேன். 'கார் என்னங்க பண்ணுச்சு'ன்னா. 'ஒருநாள் அப்பாவுக்குக் கோவம் தீரும். ஷெட்டைத் தொறப்பாரு. அன்னைக்கு வண்டி ஒரே சாவில ஸ்டார்ட் ஆகணும். நான் கோவமா இல்லைன்னு அவருக்கு அப்பத் தெரிஞ்சிரும்'னா."

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. எனக்கு வார்த்தை வராமல் போனது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

"அவ போனதுக்கப்புறமும் அவ சொன்னபடியே செய்யிறேன். அந்த சீட்டை மட்டும் தொடலை. அவ எந்திரிச்ச எடம்ங்க. அதுக்கப்புறம் அங்க யாரும் உக்காரலை. தூசியைத் தொடைச்சா அதுவும் போயிருமேன்னு விட்டுட்டேன்."

"அவருக்கு ஏம்ப்பா சொல்லலை?" என்றார் மேடம்.

அவர் சட்டென்று திரும்பினார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "சொல்லலையா? போன் போட்டேன், என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருந்தாரு. ஊர்ல சொல்லி விட்டேன், 'அதான் அன்னைக்கே முடிஞ்சுபோச்சே'ன்னாங்க. நானே கண்ணீர் அஞ்சலி அடிச்சு, அவரு வீட்டுக்கு எதுத்தாப்ல ஒட்டினேன். டீக்கடையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்தாரு. ஒரு நிமிசம் பாத்தாரு. நகத்தால சுரண்டிச் சுரண்டிக் கிழிச்சாரு. அதுக்குமேல என்னங்க சொல்லச் சொல்றீங்க?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணை மூடியிருந்தார்.

"எந்த போட்டோ போட்டீங்க?" என்றார்.

"இதேதான். அவளுக்குப் பிடிச்ச போட்டோ இது ஒண்ணுதான்."

"கிழிச்சதை என்ன பண்ணாரு?"

ஆண்ட்ரூஸ் யோசித்தார். "மடியில வச்சுக்கிட்டாரு. எல்லாத்தையும் பொறுக்கி மடியில வச்சுக்கிட்டுப் போனாரு."

"வெறுத்துக் கிழிக்கிறவன் சாக்கடையில போடுவான் தம்பி." மேடம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். "அவரு தான் ஒட்டின போஸ்டரையெல்லாம் கிழிச்சுக்கிட்டு இருந்தாரு. மனசு மாறி, ஒவ்வொரு தெருவா. கடைசியா வீட்டுக்கு எதுத்தாப்ல ஒண்ணு. அதே போட்டோ, அதே கண்ணீர் அஞ்சலி. சாயம்கூடப் போகலைன்னு எங்ககிட்ட ஆச்சரியமாச் சொன்னாரு. அதுவும் தான் ஒட்டினதுன்னு நெனச்சிருக்காரு. ஊருக்காரங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. அதுல ஒரு எழுத்தைக்கூட அவரு படிக்கலை. எம் பொண்ணு சாகலைன்னுதான் அதைக் கிழிச்சிருக்காரு."

ஆண்ட்ரூஸ் கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாலை மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அவதான் வந்துட்டுப் போறான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு" என்றேன் நான். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

* * *

மறுநாள் காலை ஆண்ட்ரூஸும் எங்களோடு வந்தார். பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்து, வழி நெடுக சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே இருந்தார். நாங்களே சொல்லிவிடுகிறோம் என்று மேடம் சொன்னதற்கு, "இந்தத் தடவை அவரு காதுல நேரா விழணும்" என்றார்.

ஷெட்டின் முன்கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தது. முத்துராமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் ஒரு மஞ்சள் துணியோடு நின்றிருந்தார். எங்கள் காரைக் கண்டதும் ரெண்டு எட்டு ஓடிவந்து, அப்புறம் தயங்கி நின்றார்.

ஆண்ட்ரூஸ் இறங்கினார். முத்துராமன் அவரைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவருக்குப் பின்னால் எங்கள் மாருதியின் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்க மாப்ளை" என்றார். அந்த வார்த்தையை ராத்திரி முழுக்கச் சொல்லிப் பழகியிருப்பார் போல. "பிள்ளை எறங்க மாட்டேங்குதா? இன்னும் கோவமா இருக்கா?"

அவராகவே அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனார். "எதையும் தொடாதீங்கன்னு அம்மா சொன்னாங்க. நான் ஒண்ணும் தொடலை. அந்த டிரைவர் சீட்டுல மட்டும் ஒரே தூசி. வந்ததும் உக்காருவாள்ல? வெள்ளைச் சுடிதாரு போட்டுக்கிட்டு வந்தா அழுக்காயிருமேன்னு அதை மட்டும் தொடைச்சு வச்சேன்."

ஆண்ட்ரூஸிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டவர்களிடமிருந்துதான் அப்படிக் கேட்டிருக்கிறேன். அவர் ஷெட்டுக்குள் ஓடினார். சிவப்புக் காரின் டிரைவர் சீட்டு கறுப்பாக, சுத்தமாக, பளபளவென்று இருந்தது.

மேடம் முத்துராமனின் கையைப் பிடித்தார். "ஐயா, காரைப் பாத்துக்கிட்டது ஒங்க மாப்ளை. காவ்யா இல்லை. போன ஆவணியில காய்ச்சல்ல காவ்யா போயிருச்சு."

"யாரு போயிருச்சு?" என்றார் அவர், நேற்றுக் காலை எங்கள் ஆபீஸில் கேட்ட அதே சின்னக் குரலில்.

ஆண்ட்ரூஸ் திரும்பி வந்தார். "ஒங்களுக்குச் சொல்ல வந்தேன் மாமா. எதுத்தாப்ல ஒட்டிட்டுப் போனேன்."

முத்துராமன் தெருவுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். இங்கிருந்து அந்தச் சுவர் தெரியாது. ஆனாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் வலது கையைத் தூக்கி, விரல் நகங்களைப் பார்த்தார். நான் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் வாசலிலேயே விழுந்திருப்பார். எடை இல்லாத மனிதராக இருந்தார்.

"நெழல்ல இருந்துச்சுன்னு நெனச்சேன்" என்று அவர் என் தோளில் சொன்னார். "சாயம் போகலையேன்னு சந்தோசப்பட்டேன்பா."

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. மேடமும் அழுதார்.

ஆண்ட்ரூஸ் குனிந்து, முத்துராமன் தோளிலிருந்து நழுவப்போன மஞ்சள் துணியை ரெண்டு கையாலும் எடுத்தார். அதன் ஒரு பக்கம் முழுக்கத் தூசி அப்பியிருந்தது. உதறவில்லை. தூசி கொஞ்சமும் உதிராதபடி உள்பக்கமாக நாலு மூலையையும் மடித்தார். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுத்திருந்ததுபோல அத்தனை பதமாக மடித்தார்.

முத்துராமன் ரெண்டு கையையும் ஏந்தினார்.

ஆண்ட்ரூஸ் வெகுநேரம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியை அவற்றில் வைத்தார்.

"அவ கடைசியா உக்காந்த எடத்துத் தூசி மாமா. நீங்களே வச்சுக்கங்க" என்றார். "இதையும் கிழிச்சிராதீங்க."